மீன்தொட்டிக்கு எல்இடி விளக்கு: அளப்பதில் தொடங்கி முதல் எட்டு வாரம் வரை

எங்கள் வீட்டு மீன்தொட்டி இரண்டடி நீளம். அதற்குச் சரியான விளக்கு அமைய எனக்குப் பதினான்கு மாதங்கள் ஆயின; மூன்று விளக்குகள் வாங்க வேண்டியிருந்தது. முதல் விளக்கு நான்கே மாதத்தில் உள்ளே ஈரம் புகுந்து அணைந்தது. இரண்டாவது நன்றாகத்தான் எரிந்தது, ஆனால் ஆறு வாரத்தில் தொட்டியின் நான்கு கண்ணாடிகளும் பச்சையாகிவிட்டன. அப்போது ஓர் அனுபியாஸ் இலையைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தேன். கரும்பச்சைப் புள்ளிகள் மணல்போல் நெருடின, தேய்த்தும் போகவில்லை. ஒரு வருடமாகப் பார்த்துப் பார்த்து வளர்த்த செடி அது. மூன்றாவது விளக்கு இன்றும் எரிகிறது, செடிகளும் தளிர்க்கின்றன. கையை விட்டுப் போனது 7,000 ரூபாய்க்கு மேல். இதில் பாதிக்கும் மேற்பட்ட தவறுகள், கடைக்குப் போகும் முன்பே யாராவது சொல்லியிருந்தால் நடந்திருக்காதவை. அவற்றைத்தான் வரிசையாக எழுதுகிறேன்.

இது நன்னீர்த் தொட்டிக்கான வழிகாட்டி. பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டிக்குத் தேவையான ஒளி வேறு, விலையும் வேறு. அதை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

1. கடைக்குப் போகும் முன் அளந்து எழுதுங்கள்

இன்ச் டேப்பை எடுத்துத் தொட்டியின் உட்புற நீளம், அகலம், உயரம் மூன்றையும் அளந்து பெருக்குங்கள். வரும் எண்ணை 61ஆல் வகுத்தால் லிட்டர் கிடைத்துவிடும். எங்கள் தொட்டி 24 × 12 × 15 அங்குலம். அப்படியே கணக்கிட்டால் 71 லிட்டர். ஆனால் அடியில் இரண்டு அங்குலம் மணல் இருக்கிறது, மேலே ஒன்றரை அங்குலம் விட்டுத்தான் தண்ணீர் நிரப்புகிறோம். ஆக, உண்மையில் தண்ணீர் நிற்கும் உயரம் 11.5 அங்குலம். அந்தக் கணக்கில் 54 லிட்டர்தான். விளக்குக்குக் கணக்குப் பார்க்க வேண்டியது இந்த இரண்டாவது எண்ணை வைத்து.

அதே தாளில் கண்ணாடியின் கனத்தையும் எழுதுங்கள். பல விளக்குகள் தொட்டியின் விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் கிளிப்போடு வருகின்றன. அந்தக் கிளிப் எத்தனை மில்லிமீட்டர் கண்ணாடியைப் பிடிக்கும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். மேல் விளிம்பில் பிளாஸ்டிக் பட்டை ஒட்டிய தொட்டியாக இருந்தால் கிளிப் உட்காராமலே போகலாம். நான் இதை அளக்காமல் போய், வாங்கிய விளக்கை மூன்று நாள் நூல் கட்டித் தொங்கவிட்டிருந்தேன். அது ஆபத்தான வேலை, நீங்கள் செய்யாதீர்கள்.

கடைசியாக, தொட்டி இருக்கும் இடத்தில் ஜன்னல் வெயில் விழுகிறதா என்று ஒரு நாள் முழுக்கக் கவனியுங்கள். காலையில் ஒரு மணி நேரம் நேர்வெயில் விழுந்தாலும் அது உங்கள் விளக்கின் வெளிச்சத்தோடு சேர்ந்துகொள்ளும். விளக்கை எவ்வளவு குறைத்தாலும் பாசி அடங்காத வீடுகளில் பெரும்பாலும் இதுதான் காரணம். தொட்டியை நகர்த்துவது காலியாக இருக்கும்போதே முடிகிற காரியம்.

2. விளக்கு யாருக்கு என்று முடிவு செய்யுங்கள்

மீன்களுக்குப் பெரிய வெளிச்சம் தேவையே இல்லை. பகல் எது, இரவு எது என்று தெரிந்தால் போதும். நாம் பார்ப்பதற்குத்தான் விளக்கு. கப்பி, மோலி, கோல்டு ஃபிஷ் மட்டும் வளர்ப்பவர்கள் சாதாரணமான, விலை குறைந்த விளக்கோடு நின்றுவிடலாம். ஒதுங்க நிழலே இல்லாத தொட்டியில் மேலிருந்து ஒளியைக் கொட்டினால் ஃபைட்டர் மீன் மூலையில் ஒடுங்கும், நியான் டெட்ராவின் நிறம் வெளுக்கும்.

செடி வளர்த்தால்தான் கணக்கே தொடங்குகிறது. அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், ஜாவா மாஸ், கிரிப்டோகொரைன் ஆகியவை குறைந்த வெளிச்சத்தில் வளர்பவை. கடைகளில் கிடைக்கும் கிரிப்டோகொரைன் வென்ட்டி இலங்கையின் நிழலான ஓடைகளில் இயற்கையாக வளரும் செடி; அதன்மேல் கடும் ஒளியைப் பாய்ச்சி நாம் சாதிக்கப்போவது எதுவுமில்லை. வாலிஸ்னேரியா, அமேசான் ஸ்வார்டு, லுட்விஜியா ஆகியவற்றுக்கு நடுத்தர ஒளி வேண்டும். தரையில் புல்லாகப் படரும் மான்டே கார்லோ, டுவார்ஃப் ஹேர்கிராஸ், செக்கச் சிவந்த ரொட்டாலா வகைகளுக்கு அதிக ஒளி வேண்டும். ஒளி மட்டும் போதாது, தண்ணீரில் கரியமில வாயுவைச் செலுத்த சிலிண்டரும் உரமும் வேண்டும். அந்தச் செலவு விளக்கின் விலையை எளிதாகத் தாண்டிவிடும்.

முதல் தொட்டி வைப்பவர்களுக்கு என் சொல் ஒன்றுதான்: முதல் வருடம் குறைந்த வெளிச்சச் செடிகளோடு நின்றுகொள்ளுங்கள். கரியமில வாயு இல்லாமல் ஒளியை மட்டும் கூட்டினால் செடியால் அந்த ஒளியைப் பயன்படுத்த முடியாது. மிஞ்சும் ஒளி பாசிக்குத்தான் போகும். என் இரண்டாவது விளக்கின் கதை முழுவதும் இந்த இரண்டு வரிகளில் அடங்கிவிடும்.

3. எத்தனை லூமன் வேண்டும்

“லிட்டருக்கு எத்தனை வாட்” என்று கேட்பது ட்யூப் லைட் காலத்துப் பழக்கம். எல்இடியில் ஒரே வாட்டுக்கு ஒரு விளக்கு 60 லூமன் வெளிச்சம் தரும், இன்னொன்று 120 லூமன் தரும். எனவே வாட்டை விட்டுவிட்டு லூமனைக் கேளுங்கள்.

செடி வளர்ப்பவர்களிடையே புழங்கும் தோராயக் கணக்கு இது. குறைந்த வெளிச்சச் செடிகளுக்கு லிட்டருக்கு 10 முதல் 20 லூமன். நடுத்தரத்துக்கு 20 முதல் 40. அதற்கு மேல் போனால் கரியமில வாயு கட்டாயம். எங்கள் 54 லிட்டருக்கு 20 என்று வைத்தால் 1,080 லூமன்; நல்ல எல்இடி என்றால் 10, 12 வாட்டிலேயே இது கிடைத்துவிடும். நான் முதலில் போய் நின்ற கடையில், “பெரிய வாட்டாக எடுங்கள் அக்கா, செடி பிய்த்துக்கொண்டு வளரும்” என்று சொல்லி 48 வாட் என்று அச்சிட்ட பெட்டியை எடுத்துக் கொடுத்தார்கள். பிறகு பிளக்கில் செருகும் வாட் மீட்டர் ஒன்றை வாங்கி அளந்தேன். அந்த விளக்கு இழுத்த மின்சாரம் 19 வாட்.

பெட்டியில் அச்சிட்ட வாட்டை நம்ப வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். அடாப்டரின் அடியில் எழுதியிருப்பதைப் பாருங்கள். 12 வோல்ட், 2 ஆம்பியர் என்று இருந்தால் இரண்டையும் பெருக்குங்கள்: 24 வாட். அந்த அடாப்டரால் அதற்கு மேல் கொடுக்க முடியாது; பெட்டியில் 48 என்று போட்டிருந்தால் அது பொய்.

லூமன் என்பது மனிதக் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தின் அளவு. நம் கண் பச்சை ஒளியைத்தான் அதிகம் உணரும். செடி ஊதாவிலிருந்து சிவப்பு வரை, 400 முதல் 700 நானோமீட்டர் அலைநீளம் வரையுள்ள ஒளியைப் பயன்படுத்தும். எனவே சிவப்பும் நீலமும் கலந்த வண்ண எல்இடி விளக்குகளுக்கு லூமன் கணக்கு சரியாக வராது. எண் குறைவாகத் தெரிந்தாலும் செடிக்குக் கிடைப்பது அதிகமாக இருக்கும். அத்தகைய விளக்குகளின் தயாரிப்பாளர்கள் சிலர், எத்தனை சென்டிமீட்டர் ஆழத்தில் எவ்வளவு பார் என்று அட்டவணை தருகிறார்கள். பார் என்பது செடி பயன்படுத்தக்கூடிய ஒளியின் அளவு. தரைமட்டத்தில் 15 முதல் 30 என்றால் குறைந்த ஒளி, 35 முதல் 50 என்றால் நடுத்தரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

வெளிச்சத்தை அளக்கக் கைபேசியில் இறங்கும் லக்ஸ் மீட்டர் செயலிகளின் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் விளக்கை உயர்த்தும் முன்பும் பின்பும் அளந்து, எவ்வளவு குறைந்தது என்று ஒப்பிடுவதற்கு அது உதவும். நான் அப்படித்தான் பயன்படுத்துகிறேன்.

4. பெட்டியில் படிக்க வேண்டியவை

நிறவெப்பம் கெல்வினில் எழுதியிருக்கும். 6,500 என்பது பகல் வெளிச்சம்; செடித் தொட்டிக்குப் பாதுகாப்பான தேர்வு. 3,000 மஞ்சளாக இருக்கும். செடி அதிலும் வளரும், ஆனால் தண்ணீர் பழையதுபோல் தோன்றும். 10,000க்கு மேல் நீலம் கலக்கும். முழு நீல விளக்குகள் பவளத் தொட்டிக்கானவை. கடையில் இருட்டு மூலையில் வைத்து எரியவிட்டுக் காட்டும்போது அழகில் மயங்கி வாங்கிவிடாதீர்கள்.

சிஆர்ஐ என்ற எண் 80க்கு மேல் இருக்கட்டும், 90 இருந்தால் இன்னும் நல்லது. அந்த விளக்கில் நிறங்கள் எவ்வளவு இயல்பாகத் தெரியும் என்பதை அது சொல்கிறது. சிஆர்ஐ குறைந்த வெள்ளை விளக்கின் கீழ் சிவப்பு கப்பி செங்கல் நிறமாகத் தெரியும்.

ஐபி எண்ணைக் கட்டாயம் பாருங்கள். அதில் இரண்டாவது இலக்கம் தண்ணீரைத் தாங்கும் திறனைக் குறிக்கும். 5 என்றால் பீய்ச்சும் நீரைத் தாங்கும்; 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் மூழ்கினாலும் தாங்கும். திறந்த தொட்டிக்கு மேலே சற்று உயரத்தில் தொங்கும் விளக்குக்கு ஐபி 65 போதும். மூடியின் உள்ளே, தண்ணீரை ஒட்டி இருக்கும் விளக்குக்கு 67க்குக் குறைந்து வாங்காதீர்கள். என் முதல் விளக்கு, சிலிக்கான் பூசிய எல்இடி பட்டை. மூடியின் அடியில் ஒட்டியிருந்தேன். அணைந்த அன்று காலையில் உரித்துப் பார்த்தேன். சிலிக்கான் தேநீர் நிறத்துக்கு மாறியிருந்தது. வயர் சேரும் இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் சிறைப்பட்டிருக்க, அதைச் சுற்றிச் செம்பு பச்சை பூத்திருந்தது. பட்டை முழுவதும் நீர்புகாததாக இருந்தாலும் வெட்டிய முனையும் வயர் ஒட்டிய இடமும்தான் முதலில் திறந்துகொள்கின்றன.

கடையில் விளக்கை எரியவிட்டுக் கைபேசியின் கேமராவை அதன் பக்கம் திருப்புங்கள். திரையில் கருப்புப் பட்டைகள் ஓடினால் விளக்கு வேகமாகத் துடிக்கிறது என்று பொருள். செடிக்குக் கேடில்லை. ஆனால் தினமும் மாலையில் அதன் எதிரே உட்காரப்போகிற உங்கள் கண்ணுக்கும், தொட்டியைப் படம் பிடிக்க நினைப்பவர்களுக்கும் தொல்லை.

5. எங்கே, எவ்வளவு விலையில்

சென்னையில் இருப்பவர்களுக்குக் கொளத்தூர். வண்ணமீன் கடைகள் வரிசையாக இருப்பதால் ஒரே பிற்பகலில் நான்கைந்து விளக்குகளை எரியவிட்டே பார்த்துவிடலாம். எல்இடி பட்டை, அடாப்டர், ஒளியைக் குறைத்துக் கூட்டும் டிம்மர் போன்ற உதிரிகளுக்கு ரிச்சி தெரு. நான் வாங்கியபோது இருந்த விலைகளைச் சொல்கிறேன், தோராயமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

சிறிய கிளிப் விளக்குகள் 500 முதல் 1,200 ரூபாய். ஒன்றரை அடிக்குக் குறைந்த தொட்டிக்கு, அனுபியாஸும் மாஸும் மட்டும் என்றால் இதுவே போதும். செடித் தொட்டிக்கென்றே வரும் இரண்டடி வெள்ளை விளக்குகள் 1,800 முதல் 4,000. சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை நான்கும் கலந்து, கைபேசியிலிருந்தே குறைத்துக் கூட்டக்கூடியவை 5,000இல் தொடங்கி மேலே போகும்.

இவை எதுவும் வேண்டாம், கையைக் கடிக்கக் கூடாது என்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. வீட்டின் வெளிச்சுவரில் மாட்டும் 20 வாட் எல்இடி ஃப்ளட் லைட், 6,500 கெல்வின், ஐபி 65. விலை 400 முதல் 700 ரூபாய். பின்னால் அலுமினிய முதுகு இருப்பதால் சூடு வெளியேறும், தண்ணீர்த் தெறிப்பையும் தாங்கும். தொட்டிக்கு மேலே ஒன்று அல்லது ஒன்றரை அடி உயரத்தில் தொங்கவிட வேண்டும். பார்க்க அழகில்லை. செடிக்கு அது தெரியாது, நன்றாகவே வளர்கிறது. என் தங்கை வீட்டில் இரண்டு வருடமாக இதுதான்.

எதை வாங்கினாலும் அடாப்டர் தனியாகக் கழற்றக்கூடியதாக இருக்கிறதா என்று பாருங்கள். எல்இடியின் ஆயுள் 50,000 மணி நேரம் என்று பெட்டியில் இருக்கும். தினம் 7 மணி நேரம் என்றால் அது 19 வருடத்துக்கு மேல். நடப்பில் முதலில் சாவது அடாப்டர். தனியாக இருந்தால் 200, 300 ரூபாயில் மாற்றிவிடலாம். விளக்கோடு ஒட்டியிருந்தால் முழு விளக்கும் குப்பை. மாற்றும்போது வோல்ட் பழையதோடு அப்படியே ஒத்திருக்க வேண்டும், ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், முனையின் பிளஸ் மைனஸ் மாறக் கூடாது. லேபிளில் வோல்ட்டுக்குப் பதிலாக மில்லிஆம்பியர் மட்டும் முதன்மையாக எழுதியிருந்தால் அது மின்னோட்டத்தை நிலைநிறுத்தும் வேறு வகை. பழையதைக் கையோடு எடுத்துப்போய் அதே அளவில் வாங்குங்கள்.

6. பில், வாரண்டி, முத்திரை

என் முதல் விளக்கு நான்காம் மாதம் அணைந்தபோது கடைக்குக் கொண்டுபோனேன். ஆறு மாத வாரண்டி என்று வாங்கும்போது வாய்மொழியாகச் சொல்லியிருந்தார்கள். “பில் இருக்கிறதா?” என்றார்கள். இல்லை. பேச்சு அதோடு முடிந்தது. பில் கேட்காமல் வந்தது என் தவறு.

ஜிஎஸ்டி எண்ணோடு அச்சிட்ட பில் கேளுங்கள். அதில் விளக்கின் மாடல், வாங்கிய தேதி, வாரண்டிக் காலம் மூன்றும் இருக்க வேண்டும். வாரண்டி கார்டு தனியாக இருந்தால் கடை முத்திரையும் தேதியும் அங்கேயே போட்டு வாங்குங்கள். வாரண்டி விளக்குக்கு மட்டுமா, அடாப்டருக்கும் சேர்த்தா என்று கேட்டு, சேர்த்துத்தான் என்றால் அதையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் பில்லைக் கைபேசியில் படம் எடுத்துவிடுங்கள். வெப்பத்தில் அச்சாகும் பில் தாள் சில மாதங்களில் வெளுத்துவிடும்.

அடாப்டரிலும் ஃப்ளட் லைட்டிலும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பிஐஎஸ்) முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். முத்திரையோடு ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்தும் அதைத் தொடர்ந்து எட்டு இலக்க எண்ணும் இருக்கும். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யாருடைய பதிவு, எந்தப் பொருளுக்கு என்று வந்துவிடும். கடையில் நின்றபடியே ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். தண்ணீருக்குப் பக்கத்தில் வைக்கப்போகிற மின்பொருளுக்கு இந்த ஒரு நிமிடம் அவசியம்.

இணையத்தில் வாங்கினால் பொதியைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள். திருப்பி அனுப்பும் அவகாசம் பெரும்பாலும் ஒரு வாரத்திலிருந்து பத்து நாள்தான். அந்த நாட்களில் விளக்கைத் தொடர்ந்து தினமும் 8 மணி நேரம் எரியவிட்டுச் சோதியுங்கள். தொட்டி தயாராக இல்லாவிட்டாலும் மேசை மேல் வைத்தே எரியவிடலாம். வாரண்டியை மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதியலாம். அதற்கும் பில் வேண்டும்.

7. மாட்டுவது

இந்தப் படியில் அவசரம் கூடாது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் இதை இரண்டு முறை படியுங்கள்.

பிளக் செருகும் இடம் தொட்டிக்கு நேர் கீழே இருக்கக் கூடாது. இருந்தாலும், வேறு வழி இல்லாமல் பல வீடுகளில் அப்படித்தான் இருக்கிறது. அப்போது வயரை நேராகப் பிளக்குக்குக் கொண்டுபோகாமல், பிளக்கைவிடத் தாழ்வாக ஒரு தொய்வு விட்டுப் பிறகு மேலே ஏற்றிச் செருகுங்கள். வயர் வழியாக இறங்கும் தண்ணீர் அந்தத் தொய்வின் அடியில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. செலவில்லாத பாதுகாப்பு இது. ஃபில்டர், ஏர் பம்ப் வயர்களுக்கும் இதே முறை.

அடாப்டரைத் தொட்டியின் மூடி மேல் வைக்காதீர்கள். சுவரில் ஓர் ஆணி அடித்துத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே, தொட்டியைவிட்டு ஒரு முழம் தள்ளித் தொங்கவிடுங்கள். வெளிநாட்டு விளக்குகள் சில தட்டைப் பின் பிளக்கோடு வருகின்றன. அவற்றை மாற்றிச் செருகும் மலிவான கன்வெர்ட்டரில் பின் இறுகப் பிடிக்காது. தளர்ந்த இடத்தில் சூடேறும். என்னிடம் இருந்த ஒன்றைக் கழற்றியபோது பின்னைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பாகக் கருகியிருந்தது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு நம் ஊர்ப் பிளக்காக மாற்றிக்கொள்ளுங்கள்.

வீட்டின் மின்பெட்டியில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்று அவரையே பார்க்கச் சொல்லுங்கள். மின்கசிவு ஏற்பட்டால் நொடிக்குள் இணைப்பைத் துண்டிப்பது அதுதான். இல்லையென்றால் விளக்கு வாங்கும் முன் அதைப் பொருத்துங்கள். தொட்டிக்குள் கையை விடும்போது விளக்கு உட்பட எல்லா பிளக்குகளையும் அணைத்துவிட வேண்டும். எத்தனை வருடப் பழக்கம் இருந்தாலும் இதில் விலக்கு கிடையாது.

விளக்கின் நீளம் தொட்டியின் நீளத்துக்கு நெருக்கமாக இருக்கட்டும். குட்டையாக இருந்தால் இரு முனைகளும் இருட்டாகி, அங்குள்ள செடிகள் நடுவை நோக்கிச் சாயும். தண்ணீர் மட்டத்திலிருந்து நான்கைந்து அங்குலம் உயர்த்தி மாட்டுங்கள். பிறகு வெளிச்சம் அதிகம் என்று தெரிந்தால் இன்னும் உயர்த்தலாம். டிம்மர் இல்லாத விளக்குக்கு உயரம்தான் டிம்மர். மூடிய பெட்டி போன்ற மூடிக்குள் வைப்பதானால் பின்பக்கம் காற்றோட்டத்துக்கு வழி விடுங்கள். எல்இடி சூடாவது அதன் முதுகில். அந்தச் சூடு போக வழியில்லாவிட்டால் ஆயுள் குறையும். சென்னையில் மே மாதம் எங்கள் தொட்டித் தண்ணீர் 32 டிகிரியைத் தொடுகிறது. அந்த மாதத்தில் மூடியை எடுத்துவிட்டு மீன் குதிக்காமல் வலை மட்டும் போடுகிறேன்.

8. டைமர் இல்லாமல் தொடங்க வேண்டாம்

விளக்குக்கு அடுத்து நீங்கள் செலவிட வேண்டிய முதல் பணம் டைமருக்கு. கையால் போட்டு அணைத்தால் ஒரு நாள் 6 மணி நேரம் எரியும், விருந்தினர் வந்த நாளில் 13 மணி நேரம் எரியும். செடியால் இதற்கு ஈடுகொடுக்க முடியாது. பாசிக்கு இது கொண்டாட்டம்.

சுழலும் வட்டத்தில் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு பல் வைத்த மெக்கானிக்கல் டைமர் 300 முதல் 600 ரூபாய்க்குக் கிடைக்கும். அதில் ஒரு குறை. மின்சாரம் போனால் வட்டமும் நின்றுவிடும். இரண்டு மணி நேர மின்தடை என்றால் அன்றிலிருந்து விளக்கு இரண்டு மணி நேரம் பிந்தி எரியும், பிந்தி அணையும். யாரும் கவனிக்காவிட்டால் ஒரு மாதத்தில் நள்ளிரவில் எரிந்துகொண்டிருக்கும். உள்ளே பேட்டரி வைத்த டிஜிட்டல் டைமர் 600 முதல் 900 ரூபாய். மின்தடையிலும் நேரம் தவறாது. அடிக்கடி மின்சாரம் போகும் பகுதியில் இருப்பவர்கள் இதையே வாங்குங்கள். ஸ்மார்ட் பிளக் வைத்திருப்பவர்கள், மின்சாரம் திரும்பியதும் பிளக் எந்த நிலைக்குப் போக வேண்டும் என்ற அமைப்பைத் தேடிப் பார்த்து ‘பழைய நிலை’ என்று வைத்துவிடுங்கள்.

எந்த நேரம் வைப்பது? வேலைக்குப் போகிறவர்கள் காலையில் விளக்கை எரியவிட்டுப் பயனில்லை. நான் பிற்பகல் 3 மணிக்கு எரியவைத்து இரவு 10 மணிக்கு அணைக்கிறேன். இடையில் சில மணி நேரம் அணைத்து இரண்டு தவணையாக எரிய விடுகிறவர்களும் இருக்கிறார்கள். நான் இரண்டு மாதம் முயன்று பார்த்தேன். பாசியில் வித்தியாசம் தெரியவில்லை, விட்டுவிட்டேன்.

அறை கும்மிருட்டாக இருக்கும்போது விளக்கு சட்டென்று எரிந்தால் மீன்கள் மிரண்டு கண்ணாடியில் மோதும். அணையும்போதும் அறை விளக்கு கொஞ்ச நேரம் எரியட்டும். ‘நிலா வெளிச்சம்’ என்று வரும் நீல விளக்கை இரவு முழுவதும் எரியவிடாதீர்கள். மீன்களுக்கு முழு இருட்டு வேண்டும், அவையும் ஓய்வெடுக்கின்றன.

9. முதல் எட்டு வாரம்

முதல் இரண்டு வாரம் தினம் 6 மணி நேரம், டிம்மர் இருந்தால் பாதி ஒளியில். மூன்றாம் வாரத்திலிருந்து வாரத்துக்கு அரை மணி நேரம் கூட்டி 7 அல்லது 8இல் நிறுத்துங்கள். ஒளியின் அளவைக் கூட்டுவதையும் நேரத்தைக் கூட்டுவதையும் ஒரே வாரத்தில் செய்யாதீர்கள். தவறு நேர்ந்தால் எதனால் என்று தெரியாது.

புதுத் தொட்டியில் முதல் வாரங்களில் காபித்தூள் போல் பழுப்புப் படிவு வரும். பயப்பட வேண்டாம். ஸ்பாஞ்சால் துடைத்தால் போய்விடும், தொட்டி நிலைப்பட்டதும் தானாகவே வருவது நிற்கும். பச்சை நூல் போலப் பாசி தொங்கினால் ஒளி அதிகம் என்று பொருள்: ஒரு மணி நேரம் குறையுங்கள், விளக்கை இரண்டு அங்குலம் உயர்த்துங்கள், பழைய பல்துலக்கியில் சுருட்டி எடுத்துவிடுங்கள். தண்ணீரே பச்சையாகிவிட்டால் விளக்கை அணைத்து, தொட்டியைப் போர்வையால் மூன்று நாள் முழுவதுமாக மூடுங்கள். காற்றுக்குழாய் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், தீனி வேண்டாம். நான்காம் நாள் பாதித் தண்ணீரை மாற்றுங்கள். வெயில் விழும் இடம் என்றால் திரும்பவும் வரும். அதற்கு மருந்து தொட்டியை நகர்த்துவதுதான்.

கிரிப்டோகொரைன் செடிகள் நட்ட சில நாட்களில் இலை கரைந்து உதிரலாம். வெளிச்சம் போதவில்லை என்று நினைத்து ஒளியைக் கூட்டிவிடாதீர்கள். இடம் மாறியதற்கு அந்தச் செடி அப்படித்தான் நடந்துகொள்ளும். வேரை அசைக்காமல் விட்டால் சில வாரங்களில் புதிய இலை வரும். எங்கள் தொட்டியில் ஒரே ஓர் இலைகூட மிஞ்சாத ஒரு கட்டையிலிருந்து, இருபத்து மூன்றாம் நாள், சுருட்டிய வெற்றிலை போல ஒரு பழுப்புத் துளிர் எட்டிப் பார்த்தது. அன்று வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

10. மின்கட்டணம்

பலரும் பயப்படும் அளவுக்கு இல்லை. 18 வாட் விளக்கு தினம் 7 மணி நேரம் எரிந்தால் 60 நாளில் 7.5 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரு மாதக் கணக்கு என்பதால் அதையே எடுத்துக்கொண்டேன். இருபத்து நான்கு மணி நேரமும் ஓடும் 8 வாட் ஃபில்டர் இதே காலத்தில் 11.5 யூனிட் எடுக்கும். விளக்கைவிட அதுதான் அதிகம். பழைய இரண்டடி ட்யூப் ஒன்றும் இரும்புச் சோக்கும் சேர்ந்து 26 வாட்டுக்கு மேல் இழுக்கும். மூடிக்குள் அப்படி இரண்டு ட்யூப் வைத்திருந்தவர்கள் எல்இடிக்கு மாறினால் இரு மாதத்துக்குப் பதினான்கு யூனிட் வரை மிச்சம்.

11. மாட்டிய பிறகு

மாதம் ஒருமுறை விளக்கைக் கழற்றிப் பாருங்கள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பயன்படுத்தும் வீடுகளில் விளக்கின் அடிப்பக்கமும் மூடிக் கண்ணாடியும் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கும். கண்ணுக்கு லேசாகத் தெரிந்தாலும் வெளிச்சத்தில் கணிசமான பங்கை அது தின்றுவிடும். நல்ல நிலையில் இருந்த செடிகள் காரணமில்லாமல் மெலிந்தால் முதலில் இதைப் பாருங்கள். மூடிக் கண்ணாடியைத் தொட்டியிலிருந்து தூரமாக எடுத்துப்போய் வினிகரில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் போர்த்தி வைத்துத் துடைத்தால் படிவு கரைந்துவிடும். நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசிய பிறகே திரும்ப வையுங்கள். விளக்கை நனைக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு, வினிகர் தொட்ட துணியால் ஒற்றி எடுத்து, பிறகு ஈரத்துணியால் துடையுங்கள்.

படிவு அதிகமாக இருக்கிறதே என்று ஒருநாள் சோப்பு நுரையால் கழுவப் போனேன், பக்கத்து வீட்டு மாமிதான் தடுத்தார். சோப்பு கொஞ்சம் தொட்டியில் விழுந்தாலும் மீன் தாங்காது.

மூடியிலிருந்து கழற்றிய பழைய ட்யூப் லைட்டை உடைத்துக் குப்பையில் போடாதீர்கள். உள்ளே பாதரசம் இருக்கிறது. உடையாமல் அட்டையில் சுற்றி, மின்னணுக் கழிவு வாங்குபவர்களிடம் கொடுங்கள்.